ஆஸ்பத்திரி, கேர் ஹோம் ஸ்டாஃபுக்கு ஆத்திரத்தையும் சண்டையையும் சமாளிக்க ட்ரெய்னிங் கொடுக்கறது எப்படி: முழு வழிகாட்டி

நர்ஸ், டாக்டர், அட்டெண்டர், ரிசப்ஷன்ல உக்கார்றவங்க, கேர் ஹோம்ல முதியவங்களை பாத்துக்கறவங்க, வீடு வீடா போற சோஷியல் வொர்க்கர் இவங்களுக்கெல்லாம் இந்த ட்ரெய்னிங் நடத்தப் போறீங்கன்னா இது உங்களுக்குத்தான். இந்த ஹால்ல வந்து உக்கார்ற எல்லாரும் முதல்ல கேக்கறது ஒரே கேள்வி, "அடிக்க வந்தா எப்படி தப்பிக்கிறது?" நியாயமான கேள்விதான். ஆனா புதுசா வர்ற ட்ரெய்னர் அந்தக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்ல ஆரம்பிச்சா அன்னிக்கு நாள் முழுக்க கையைப் பிடிக்கறதும் உதறுறதுமாவே போயிடும், பேச்சுலயே அடங்கியிருக்க வேண்டிய நூறு சம்பவத்தை பத்தி யாரும் ஒண்ணும் கத்துக்காம வீட்டுக்குப் போயிடுவாங்க. அதனால கீழ இருக்கற வரிசையை மாத்தாதீங்க. ஒவ்வொரு படிக்கும் ஏன் அது அங்க இருக்குன்னு காரணமும் சொல்லியிருக்கேன்.

1. தேதி குறிக்கறதுக்கு முன்னாடி வார்டை பாருங்க

கடைசி ஆறு மாச இன்சிடென்ட் ரிப்போர்ட்டை வாங்கி படிங்க. படிச்சுட்டு அதோட நிறுத்தாதீங்க, ஏன்னா நடக்கறதுல பெரிய பங்கு எழுதப்படறதே இல்ல. திட்டு வாங்கறது, துப்பறது, கிள்ளறது எல்லாம் "வேலைன்னா இதெல்லாம் இருக்கும்"னு போயிடும். நைட் ஷிப்ட் ஆளுங்க, ரிசப்ஷன், க்ளீனிங் பண்றவங்க, செக்யூரிட்டி இவங்ககிட்ட தனித்தனியா பேசுங்க.

கேக்க வேண்டியது நாலே விஷயம்: எந்த நேரம், எந்த இடம், அப்ப என்ன வேலை நடந்துட்டு இருந்துச்சு, அதுக்கு முந்தின நிமிஷம் யாரு என்ன சொன்னாங்க. அந்த நாலாவதுலதான் சரக்கு இருக்கு. முதியோர் கேர் ஹோம்ல குளிப்பாட்டறப்ப, உடை மாத்தறப்ப, டயப்பர் மாத்தறப்ப வரும். எமர்ஜென்சில காத்திருக்கற இடத்துல, யாரும் எதுவும் சொல்லாம விட்ட நேரத்துல வரும். மனநல வார்டுல ஒரு விஷயத்தை கேட்டு "இல்ல"ன்னு பதில் வந்தப்ப வரும். உங்க ட்ரெய்னிங்ல போடற ஒவ்வொரு உதாரணமும் இந்த லிஸ்ட்ல இருந்துதான் வரணும், இன்னொரு ஊர் ஆஸ்பத்திரிக்கு செஞ்ச ஸ்லைடை எடுத்துட்டு வந்து போட்டா பத்து நிமிஷத்துலயே ஃபோனை நோண்ட ஆரம்பிச்சுடுவாங்க.

இன்னொண்ணு. மூணு மணி நேரம் காத்திருக்கறவருக்கு ஒரு தகவலும் சொல்லாததுனாலதான் தினம் சண்டை வருதுன்னு தெரிஞ்சா, அதை மேனேஜ்மென்ட்கிட்ட முதல்ல சொல்லுங்க. சிஸ்டம் பண்ற தப்பை ரிசப்ஷன்ல உக்காந்திருக்கற பொண்ணோட பொறுமையால சரி பண்ண முடியாது.

2. மேனேஜ்மென்ட்கிட்ட முன்கூட்டியே வாங்கிக்க வேண்டியவை

ட்ரெய்னிங் டூட்டி நேரத்துல நடக்கணும், அவங்க இடத்துக்கு மாத்து ஆள் போட்டிருக்கணும். நைட் ஷிப்ட் முடிச்சு வந்தவங்களை உக்கார வெச்சா தூங்கத்தான் செய்வாங்க. அலாரம் பட்டன் வேலை செய்யுதா, அழுத்தினா யாரு வருவாங்க, எப்ப போலீஸை கூப்பிடலாம், ஆபத்துன்னு தோணினா வேலையை பாதில விட்டுட்டு வெளிய வரலாமா, இதுக்கெல்லாம் எழுத்துல பதில் வாங்கிக்கோங்க. இது இல்லாம "ஆபத்துன்னா விலகிடுங்க"ன்னு நீங்க சொன்னா, "விலகினா மெமோ வரும் சார்"னு ஒருத்தர் எழுந்து சொல்லுவாரு, அதுக்கு உங்ககிட்ட பதில் இருக்காது.

எல்லாரையும் கலந்து உக்கார வையுங்க. டாக்டருக்கு தனி, நர்ஸுக்கு தனி, செக்யூரிட்டிக்கு தனின்னு பிரிக்காதீங்க, ஏன்னா சம்பவம் நடக்கறப்ப இவங்க எல்லாரும் ஒரே ரூம்லதான் நிப்பாங்க. ஒரு பேட்சுக்கு பன்னெண்டு பேரு போதும், அதுக்கு மேல போனா பாதிப்பேரு வேடிக்கை பாக்கறவங்களா ஆயிடறாங்க. கர்ப்பமா இருக்கறவங்க, முதுகுவலி, தோள்பட்டை பிரச்சினை இருக்கறவங்க யாருன்னு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க. ஏற்கெனவே அடி வாங்கினவங்க நிச்சயம் ஹால்ல இருப்பாங்க (தன் வேலைக் காலத்துல 8 முதல் 38 சதவீத சுகாதாரப் பணியாளர்கள் உடல்ரீதியான தாக்குதலை சந்திக்கறாங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது), அதனால "எப்ப வேணா எழுந்து வெளிய போகலாம், காரணம் சொல்ல வேண்டாம்"னு ஆரம்பத்துலயே சொல்லிடுங்க.

3. முதல் பாடம்: இந்த ஆளுக்கு உள்ள என்ன நடக்குது

ஏன் இதை முதல்ல வைக்கணும்னா, "இவருக்கு திமிரு"ன்னு ஒரு ஸ்டாஃப் மனசுல முடிவு பண்ணிட்டா அதுக்கப்புறம் நீங்க எவ்வளவு நல்ல வாக்கியம் சொல்லிக் கொடுத்தாலும் அது அந்த முடிவோட குரல்லதான் வெளிய வரும்.

உடம்பு சம்பந்தமான காரணத்துல இருந்து தொடங்குங்க. சர்க்கரை குறைஞ்சிருக்கலாம், ஆக்சிஜன் குறைஞ்சிருக்கலாம், தலைல அடி பட்டிருக்கலாம், இன்ஃபெக்ஷன்னால குழப்ப நிலை வந்திருக்கலாம், குடியை திடீர்னு நிறுத்தினதா இருக்கலாம். டிமென்ஷியா (மறதி நோய்) இருக்கறவங்க விஷயத்துல வலி, மலச்சிக்கல், சிறுநீர் அடைச்சுக்கிட்டு இருக்கறது, காது மெஷின் பேட்டரி தீர்ந்துபோனது, இதெல்லாம் வாயால சொல்ல முடியாம கையால வெளிய வரும். நேத்து வரைக்கும் சாதுவா இருந்தவரு இன்னிக்கு அடிக்கறாருன்னா, முதல் வேலை சர்க்கரை, ஆக்சிஜன், காய்ச்சல், வலி பாக்கறது. இதை ஹால்ல எல்லாரையும் வாய்விட்டு சொல்ல வையுங்க.

அப்புறம்தான் பயம், அவமானம், துக்கம், தன் கைல எதுவுமே இல்லங்கற உணர்வு. நோயாளியோட சொந்தக்காரங்க விஷயத்துல முக்காவாசி இதுதான். புரிஞ்சுக்கறது வேற, அடிக்கறதை ஏத்துக்கறது வேற, அந்த வித்தியாசத்தை இங்கேயே தெளிவா சொல்லிடுங்க, இல்லைன்னா "அப்ப நாங்கதான் வாங்கிக்கணுமா"ன்னு ஒரு கோபம் ஹால்ல கிளம்பும்.

4. ஆத்திரம் ஏறி இறங்கற கட்டங்கள்

கப்லான், வீலர்னு ரெண்டு பேரு 1983ல போட்டுக் கொடுத்த அஞ்சு கட்டம் இன்னிக்கும் பாடத்துக்கு உதவுது: தூண்டுதல், ஏற்றம், உச்சம், தணியறது, அதுக்கப்புறம் வர்ற சோர்வு. போர்டுல ஒரு கோடு போட்டு ஏத்தி இறக்கி காட்டுங்க.

ஏறற கட்டத்துல பேச்சு வேலை செய்யும். உச்சத்துல காது கேக்காது, அப்ப நியாயம் பேசறது நேர விரயம், பாதுகாப்பு மட்டும்தான். புதுசா வர்றவங்க அதிகமா சறுக்கறது நாலாவது கட்டத்துல. ஆள் கொஞ்சம் அமைதியானதும் "நீங்க பண்ணது தப்புன்னு புரியுதா, சாரி சொல்லுங்க"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க, இல்லைன்னா விட்ட ஊசியை உடனே போடப் போவாங்க. உடம்புல ஏறின பதட்டம் முழுசா இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேலகூட ஆகலாம், அதுக்குள்ள சீண்டினா மறுபடி நேரா உச்சத்துக்கே போயிடும்.

ஏறுதுன்னு எப்படி கண்டுபிடிக்கிறது? நார்வேல உருவான ப்ரோசெட் செக்லிஸ்ட்ல ஆறே அறிகுறிதான்: குழப்பம், எரிச்சல், சத்தமா ஆர்ப்பாட்டம், வாயால மிரட்டறது, உடம்பால மிரட்டறது, பொருளை அடிக்கறது. இருந்தா ஒண்ணு, இல்லைன்னா பூஜ்யம்னு மார்க் போட்டு கூட்டினா, அடுத்த 24 மணி நேரத்துல தாக்குதல் வருமான்னு ஒரு கணிப்பு கிடைக்கும். இதுல ஒரு பாயிண்ட் விட்டுப்போகும், கவனிங்க. அந்த ஆளோட வழக்கம் என்னன்னு தெரிஞ்சாதான் மாற்றம் தெரியும். எப்பவுமே சத்தமா பேசறவரு சத்தமா பேசினா அது அறிகுறி இல்ல, அவரு திடீர்னு மௌனமானா அதுதான் அறிகுறி.

5. ஸ்டாஃபோட சொந்த உடம்பு

வார்த்தை சொல்லிக் கொடுக்கறதுக்கு முன்னாடி இதை முடிக்கணும், ஏன்னா எதிர்ல நிக்கறவரு நம்ம வார்த்தையை விட குரலையும் தோளையும்தான் முதல்ல படிக்கறாரு.

ரெண்டு ரெண்டு பேரா நிக்க வையுங்க. ஒருத்தர் குரலை உயர்த்தி ஒரு புகார் சொல்லட்டும், இன்னொருத்தர் தன் உடம்புல எங்க இறுகுதுன்னு மட்டும் கவனிக்கட்டும். சிலருக்கு தாடை, சிலருக்கு வயிறு, சிலருக்கு விரல். அந்த இடம் இறுகினதும் மூச்சை மெதுவா நீளமா வெளிய விடணும், அதுக்கப்புறம்தான் வாயைத் திறக்கணும். கேக்க சின்ன விஷயமா இருக்கும், ஆனா நாள் முழுக்க நீங்க கத்துக் கொடுக்கறதுல நாளைக்கே வார்டுல வேலைக்கு ஆகறது இதுதான்.

நிக்கற முறை: ரெண்டு கை நீளம் தள்ளி, நேருக்கு நேரா நெஞ்சை காட்டாம கொஞ்சம் சாய்வா, கை ரெண்டும் வெளிய தெரியற மாதிரி. கையைக் கட்டக் கூடாது, இடுப்புல வைக்கக் கூடாது, பாக்கெட்டுல விடக் கூடாது. வாசல் உங்களுக்கும் திறந்திருக்கணும், அவருக்கும் திறந்திருக்கணும். பல பேரு தன் வழியை மட்டும் பாத்துக்கிட்டு அவரு வழியை அடைச்சு நிக்கறாங்க, மூலைல மாட்டின ஆள் வெளிய வர ஒரே வழி உங்க மேல பாயறதுதான். கழுத்துல தொங்கற ஸ்டெதஸ்கோப், இழுத்தா கழண்டு வராத ஐடி கார்டு கயிறு, பாக்கெட்டுல துருத்திட்டு இருக்கற கத்திரிக்கோல் இதையெல்லாம் அந்த இடத்துலயே சோதிச்சு கழட்ட வையுங்க.

ஒரு ஸ்டாஃபை பாத்தாலே ஒரு நோயாளிக்கு ஆத்திரம் ஏறுதுன்னா அந்த ஸ்டாஃபை மாத்தணும். அதுக்கு டீமுக்குள்ள ஒரு சாதாரண வாக்கியம் பேசி வெச்சுக்கோங்க, "சிஸ்டர், உங்களுக்கு ஃபோன் வந்திருக்கு" மாதிரி. மாறிப் போறது தோல்வி இல்லன்னு சீனியர் ஒருத்தர் வாயாலயே சொல்ல வெச்சா ஜூனியருங்களுக்கு தைரியம் வரும்.

6. பேச்சு: அதிக நேரம் இங்க ஒதுக்குங்க

முதல் விதி, ஒரு நேரத்துல ஒரே ஒரு குரல். மூணு பேரு சுத்தி நின்னு ஆளுக்கொண்ணு சொன்னா தெளிவா இருக்கற மனுஷனுக்கே குழம்பும். மத்தவங்க அங்க இருக்கலாம், ஆனா கொஞ்சம் தள்ளி, வாயை மூடி.

ரெண்டாவது, சின்ன வாக்கியம், சொல்லிட்டு காத்திருக்கறது. பதட்டத்துல இருக்கறவருக்கு ஒரு வாக்கியம் உள்ள போக நேரம் ஆகும். அந்த மௌனத்தை தாங்க முடியாம இன்னும் நாலு வாக்கியம் சேக்கறதுதான் ஸ்டாஃப் அடிக்கடி பண்ற தப்பு.

மூணாவது, அவருக்கு என்ன வேணும்னு கண்டுபிடிக்கிறது. "டாக்டர் எங்கடா"ன்னு கத்தறவருக்கு வேண்டியது டாக்டரா, இல்ல அம்மா பொழைச்சுக்குவாங்களாங்கற பதிலா? அதை கேட்டுட்டு திருப்பிச் சொல்லணும்: "அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு யாருமே சொல்லலை, அதானே சார்?" இதுல பாதி காத்து இறங்கிடும். ஒத்துக்க முடிஞ்சதை ஒத்துக்கணும்: "ஆமா சார், ரெண்டு மணி நேரம் ரொம்ப அதிகம்தான்." அப்புறம் உண்மையான தகவல் ஒண்ணு: "உள்ள ஒரு அவசர கேஸ் ஓடுது. நான் போய் கேட்டுட்டு பத்து நிமிஷத்துல வந்து சொல்றேன், பதில் கிடைக்கலைன்னாலும் வந்து சொல்றேன்." பத்து நிமிஷம்னா பத்து நிமிஷத்துல போயே ஆகணும், இல்லைன்னா அடுத்த ஸ்டாஃபுக்கு நீங்க குழி வெட்டிட்டுப் போறீங்கன்னு அர்த்தம்.

எல்லை போடறதையும் சேத்து சொல்லிக் கொடுங்க. பணிவா இருன்னு மட்டும் சொல்ற ட்ரெய்னிங் ஸ்டாஃபை பலவீனமாக்குது. எல்லைன்னா மிரட்டல் இல்ல, தேர்வு கொடுக்கறது: "நான் உங்ககூட பேசத்தான் நிக்கறேன். மேஜையை தட்டினா என்னால பேச முடியாது. இங்க உக்காந்து பேசலாமா, வெளிய வராண்டால பேசலாமா?" ரெண்டும் உங்களால செய்ய முடியற தேர்வா இருக்கணும்.

சொல்லக் கூடாதவை: "அமைதியா இருங்க", "ரூல்ஸ் அப்படித்தான்", "நீங்க மட்டும்தான் பேஷன்ட்டா?", "படிச்சவங்கதானே நீங்க". இதை போர்டுல எழுதிட்டு, இதுக்கு பதிலா என்ன சொல்லலாம்னு அவங்களையே சொல்ல வையுங்க, அவங்க வார்டு பாஷைல வர்ற பதில் உங்களோடதை விட நல்லா இருக்கும்.

ஆளுக்கு ஆள் மாத்த வேண்டியதும் உண்டு. டிமென்ஷியா இருக்கற பாட்டி செத்துப்போன கணவரை தேடினா "அவரு போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாச்சே பாட்டி"ன்னு திருத்தாதீங்க, ஒவ்வொரு தடவையும் அது அவங்களுக்கு புது சாவு. "தாத்தா ஞாபகம் வந்துடுச்சா பாட்டி, அவரை பத்தி சொல்லுங்களேன்"னு பக்கத்துல உக்காரலாம். காதுல குரல் கேக்குதுங்கறவருகிட்ட ஆமான்னும் சொல்ல வேண்டாம், பொய்னும் சொல்ல வேண்டாம்: "எனக்கு கேக்கலை, ஆனா உங்களை அது பயமுறுத்துதுன்னு தெரியுது." போதைல இருக்கறவருக்கு நீளமான விளக்கம் வேண்டாம்.

இப்ப ரோல் ப்ளே. இங்கதான் புது ட்ரெய்னருங்க தடுமாறுவாங்க. நோயாளியா நடிக்கறவரு முதல் நொடியிலயே நாற்காலியை தூக்கினா யாரும் எதுவும் கத்துக்க முடியாது, அதனால சின்ன எரிச்சல்ல தொடங்கி, எதிராளி தப்பா பேசினா ஏத்தணும், சரியா பேசினா இறக்கணும்னு முன்னாடியே சொல்லி வையுங்க. ரெண்டு மூணு நிமிஷம் போதும். தடுமாறின இடத்துல நிறுத்தி, அதே வாக்கியத்துக்கு முன்னாடி போய் மறுபடி ஆரம்பிக்க வையுங்க. விமர்சனத்தோட முடிச்சா அவங்க மனசுல தோத்ததுதான் நிக்கும், திரும்ப செஞ்சு சரியா வந்தாதான் அது கைக்கு வரும். முடிஞ்சதும் முதல்ல பேச வேண்டியது நோயாளியா நடிச்சவரு: "எந்த இடத்துல உங்களுக்கு கோபம் ஏறிச்சு, எதை கேட்டதும் இறங்கிச்சு?" ட்ரெய்னரோட கருத்தை விட இது ஆழமா இறங்கும்.

7. பேச்சை விட்டுட்டு விலகறது

எப்ப விலகணும்னு தெளிவா சொல்லுங்க: ஆயுதம் தெரிஞ்சா, கையை மறைச்சா, இடைவெளியை அவரு குறைச்சுக்கிட்டே வந்தா, உங்க உள்மனசு வேண்டாம்னா. மத்த நோயாளிகளை அந்த இடத்துல இருந்து நகர்த்தறதும் இதுல சேரும்.

இதை ஹால்ல பேசி முடிச்சுடாதீங்க, வார்டுக்கு கூட்டிட்டுப் போய் உண்மையான அலாரத்தை அழுத்த வையுங்க. "உதவி வேணும், மூணாவது ரூம்"னு வாய்விட்டு கத்த வையுங்க. முதல் தடவை பாதிப்பேருக்கு சத்தமே வராது. ஹால்ல வராத சத்தம் பயத்துலயும் வராது.

வீட்டுக்குப் போய் வேலை பாக்கறவங்களுக்கு தனியா அரை மணி நேரம் கொடுங்க: எங்க போறோம், எத்தனை மணிக்கு வெளிய வருவோம்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போகணும், வெளிய வந்ததும் ஃபோன் பண்ணணும், பண்ணலைன்னா ஆஃபீஸ்ல யாரு என்ன செய்யணும்னு எழுதி வெச்சிருக்கணும். உள்ள வாசலுக்கு பக்கத்து நாற்காலி. கதவைத் திறந்ததுமே சரியில்லைன்னு தோணினா உள்ள போகவே வேண்டாம்.

8. உடம்பை விடுவிச்சுக்கற முறை: கடைசியா, கொஞ்சமா

இதை காலைல சொல்லிக் கொடுத்தா இது மட்டும்தான் ஞாபகம் இருக்கும், அதுல வர்ற அரைகுறை தைரியத்துல ஆளுக்கு இன்னும் பக்கத்துல போய் நிப்பாங்க. அதனாலதான் கடைசி.

முறையா தகுதி வாங்கின பயிற்சியாளர் இல்லாம இந்தப் பகுதியை நடத்தாதீங்க. நாலஞ்சு உத்தி போதும். மணிக்கட்டை பிடிச்சா அவரு கட்டைவிரல் பக்கமா உருவணும், அங்கதான் பிடி பலவீனம். முடியைப் பிடிச்சா இழுக்காம, அவரு கையை உங்க ரெண்டு கையாலயும் தலையோட சேத்து அழுத்திக்கணும், அப்ப வேர்ல இழுபடாது. கடிச்சா வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, சதை கிழியும். பன்னெண்டு உத்தி சொல்லிக் கொடுத்தா ஒண்ணும் நிக்காது, நாலு உத்தியை மறுபடி மறுபடி செஞ்சா நிக்கும், அதுவும் சில மாசத்துல மங்கிடும்.

ஆளைப் பிடிச்சு அடக்கறது முழுக்க வேற பாடம், அதுக்கு சட்டம் உண்டு, தனி டீம் உண்டு. ஆனா ஹால்ல இருக்கற எல்லாருக்கும் இது தெரிஞ்சே ஆகணும்: குப்புற அழுத்தறது, நெஞ்சு, முதுகு, கழுத்து மேல எடை போடறது உயிரை எடுக்கும். "மூச்சு முட்டுது"ன்னு ஒருத்தர் சொன்னா அது நடிப்புன்னு எடுத்துக்காம அந்த நொடியே விடணும். பேச முடியுதுன்னா மூச்சு நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்ல. பிடிக்கறப்ப ஒருத்தர் தலைப்பக்கம் நின்னு முகத்தையும் மூச்சையும் மட்டும் பாக்கணும், அவருக்கு வேற வேலை கொடுக்கக் கூடாது.

9. சம்பவம் முடிஞ்ச அப்புறம்

அடி வாங்கினவரை முதல்ல அந்த இடத்துல இருந்து வெளிய கூட்டிட்டுப் போகணும், முதலுதவி, தண்ணி, கூட ஒரு ஆள், வீட்டுக்குப் போக ஏற்பாடு. அன்னிக்கே உக்கார வெச்சு "நடந்ததை முழுசா சொல்லு, மனசுல இருக்கறதை கொட்டு"ன்னு கட்டாயப்படுத்தாதீங்க. ஒரே தடவை உக்கார வெச்சு எல்லாத்தையும் கிளறி எடுக்கற முறை பின்னாடி வர்ற மன பாதிப்பை தடுக்கறதில்லன்னு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கு. அவங்களா பேசினா கேக்கணும். சில வாரம் கழிச்சும் தூக்கம் கெட்டு, அந்த வார்டு பக்கம் போகவே பயந்தா சிகிச்சைக்கு அனுப்பணும்.

டீம் மீட்டிங் சில நாள் கழிச்சு. "நீ என்ன பண்ணே?"ன்னு ஆரம்பிச்சா கதவு மூடிடும். "எந்த நிமிஷத்துல மாறிச்சு, அங்க வேற என்ன செஞ்சிருக்கலாம்"னு கேக்கணும். நோயாளிகிட்டயும் அவரு தெளிஞ்ச அப்புறம் பேசணும், எது ஏத்துச்சு, அடுத்த தடவை எது உதவும்னு அவருதான் சரியா சொல்லுவாரு. பாத்துட்டு இருந்த மத்த நோயாளிகளையும் விட்டுடாதீங்க.

ரிப்போர்ட் எழுதறதையும் ஹால்லயே பழக்குங்க. "நோயாளி முரட்டுத்தனமா நடந்துகிட்டார்"னு எழுதினா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. "சாயங்காலம் 6.10க்கு, வீட்டுக்கு போகலாமான்னு மூணாவது தடவை கேட்டாரு, நாளைக்கு பாக்கலாம்னு சொன்னதும் தண்ணி டம்ளரை சுவத்துல எறிஞ்சாரு"ன்னு எழுதினா அடுத்த ஷிப்ட்டுக்கு என்ன செய்யணும்னு தெரியும். ஒரு முத்திரை குத்தின ஃபைல் அந்த ஆள் போற இடமெல்லாம் அவருக்கு முன்னாடி போய் நிக்கும்.

10. ட்ரெய்னிங் முடிஞ்ச அடுத்த நாள்ல இருந்து

மருத்துவ ஆய்வுகளை ஒண்ணா சேத்து அலசற காக்ரேன் அமைப்போட 2020 ஆய்வுத் தொகுப்பு ஒண்ணு, இந்த மாதிரி ட்ரெய்னிங் கொஞ்ச காலத்துக்கு அறிவைக் கூட்டலாம், ஆனா தாக்குதல் எண்ணிக்கையை குறைக்குதான்னு உறுதியா சொல்ல முடியலைன்னு முடிச்சுது. இதை மறைக்காம மேனேஜ்மென்ட்கிட்ட சொல்லுங்க. ஒரு நாள் ஹால்ல உக்கார வெச்சதோட வேலை முடிஞ்சதுன்னு நினைக்கற இடத்துல இதுதான் நடக்கும்.

வார்டோட அன்றாடத்தை மாத்தினா பலன் தெரிஞ்சிருக்கு. இங்கிலாந்துல 31 மனநல வார்டுல சேஃப்வார்ட்ஸ்னு பத்து சின்ன மாற்றங்களை சோதிச்சாங்க, கெட்ட செய்தியை எப்படி மென்மையா சொல்றது, நோயாளியும் ஸ்டாஃபும் ஒருத்தரை பத்தி ஒருத்தர் தெரிஞ்சுக்கறது, ஷிப்ட் மாறறப்ப ஒவ்வொருத்தரை பத்தியும் நல்லதா ஒரு விஷயம் சொல்றது இப்படி. 2015ல வெளியான முடிவுல மோதல் 15 சதவீதம், பிடிச்சு அடக்கறது மாதிரியான கட்டுப்பாடுகள் 26 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு.

அதனால ஒவ்வொரு வார்டுலயும் ஆர்வமுள்ள ரெண்டு பேரை தேர்ந்தெடுத்து வாரம் ஒரு தடவை ஷிப்ட் மாறற நேரத்துல பத்து நிமிஷம் ஒரு சம்பவத்தை எடுத்து பேச வையுங்க. உடல் விடுவிப்பு முறைகளை சில மாசத்துக்கு ஒரு தடவை திரும்ப செய்ய வையுங்க, புதுசா சேர்றவங்களுக்கு முதல் வாரத்துலயே ஆரம்பிங்க.

மூணு மாசம் கழிச்சு கணக்கு பாக்கறப்ப ரிப்போர்ட் எண்ணிக்கை கூடியிருந்தா பதறாதீங்க, இதுவரைக்கும் எழுதாம விட்டதை இப்ப எழுத ஆரம்பிச்சிருக்காங்கன்னு அர்த்தமா இருக்கலாம். இது நடக்கும்னு மேனேஜ்மென்ட்கிட்ட முன்னாடியே சொல்லி வையுங்க, இல்லைன்னா "ட்ரெய்னிங் கொடுத்தும் கூடிடுச்சே"ன்னு அடுத்த பேட்சை நிறுத்திடுவாங்க. எண்ணிக்கையை விட, காயத்தோட முடிஞ்சது எத்தனை, பிடிச்சு அடக்க வேண்டி வந்தது எத்தனை, அடி வாங்கி லீவ் போட்டது எத்தனை நாள், இந்த மூணையும் மாசா மாசம் தனியா எழுதிட்டு வாங்க.